டிராகன் விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கு

1

லீட்ஸ் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். கோயமுத்தூர்ப் பக்கம் துடியலூரிலிருந்து இங்கே குடிவந்து இருபது வருடம் ஆகப்போகிறது. வாய் திறக்கப் பயப்படுகிறவர்களிடம் பேசிப் பேசியே என் ஆங்கிலம் தேறியது. மற்ற நேரங்களில் டிராகன் கதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு பாகம் வந்துவிட்டது. மூன்றாவதைப் பதிப்பகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

கதையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு வறண்ட ஊர். தோட்டத்துக்காரர் ஒருவர் தண்ணீருக்காகப் போர் போடுகிறார். ஆயிரம் அடி இறங்கியும் வெறும் புழுதிதான் பறக்கிறது. போர் வண்டிக்காரர்கள் போதும் என்கிறார்கள். இவர் விடுவதாக இல்லை. இன்னும் ஐம்பது அடி, இன்னும் ஐம்பது அடி என்று அடம்பிடிக்கிறார். கடைசியில், கீழே காலங்காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த டிராகனின் முதுகில் துளை விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் மூன்று பாகமும். இங்கே படிக்கிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படித்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறதோ என்று வியந்துபோகிறார்கள். கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும், இதில் நான் சேர்த்தது டிராகன் மட்டும்தான்.

எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதி, அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவது. இந்த மாதிரிக் கதைகளுக்கென்றே இங்கே ரசிகர் மாநாடுகள் நடக்கும். நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றைச் சனி, ஞாயிறுக்கு மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். ராஜா, சூனியக்காரி, வேற்றுக்கிரகவாசி என்று வேடம் கட்டிக்கொண்டு ஜனம் வரும். எழுத்தாளர்களுக்கு ஆளுக்கொரு மேசை. போகிற வருகிறவர்களை நிறுத்தி, என்னுடையதைப் போல ஒரு கதையை நீங்கள் ஜென்மத்தில் படித்திருக்க மாட்டீர்கள் என்று நம் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அதுதான் எனக்கு வரவில்லை. யாராவது பாராட்டினால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லியே வளர்ந்த வாய் இது. என் முதல் மாநாட்டில் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்து, நன்றாக இருக்குமா என்று கேட்டார். ஏதோ எழுதியிருக்கிறேன், முடிந்தால் பாருங்கள் என்றேன். அவர் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மேசை பேரி, கரடித்தோல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கழிப்பறை தேடிப் போகிறவரைக்கூட அதட்டிக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைத் தலையில் கட்டிவிடுவார்.

எனக்குக் கைகொடுத்தது என் மகள் தாரணிதான். பத்து வயதிலிருந்து கூடவே வருகிறாள். இப்போது பதினேழு. கூச்சம் என்பதே கிடையாது. "இது எங்கம்மா எழுதினது, டிராகன் முதுகில் ஓட்டை போடுவார்கள்" என்று லீட்ஸ் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லிப் புத்தகத்தை நீட்டிவிடுவாள். பாதிப்பேர் வாங்கிவிடுவார்கள். அதற்குள் என் வாசிப்பு நேரம் வந்துவிடும். மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் உள் அறைக்குப் போய், வந்திருக்கிற நாலு பேருக்கு ஒரு அத்தியாயம் வாசிப்பேன். அவள் போனைத் தடவிக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்திருப்பாள்.

2

என் மனக்குறையே இதுதான். நான் வாசிப்பதைத் தாரணி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேரி வாசித்தால் அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறவர்போல வாயைப் பிளந்து கேட்பார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். சொல்வதில் என்ன வெட்கம்.

சின்ன வயதில் தாரணி தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது அவளுக்கும் எனக்கும் நடுவில் ஓடுவதெல்லாம் "சாப்பிட்டியா", "ம்", "சார்ஜர் எங்கே" ரகப் பேச்சுதான். என் புத்தகங்கள் அவள் அறை அலமாரியில் இருக்கின்றன, அட்டை மடியாமல் புத்தம் புதுசாக. போன மாநாட்டுக்கு வேடம் கட்டினாள். வேறு யாரோ எழுதிய கதையில் வரும் வில்லாளி வேடம். அம்பெல்லாம் அழகாகத்தான் இருந்தது. வருகிற செப்டம்பரில் படிப்புக்காக வேறு ஊர் போய்விடுவாள். அதற்குள் ஒரே ஒரு தடவை, முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருக்க நான் வாசிக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

"கேட்டுப்பாரேன், வந்தாலும் வருவா" என்றார் என் கணவர் கதிர்வேல்.

"அம்மா படிக்கறதக் கேக்க, புள்ளைய வெத்தல பாக்கு வெச்சா அழைப்பாங்க? தானா வரோணும்" என்றேன். அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார். எங்கள் வீட்டில் விவாதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நிவேதா என்ற பெண்ணும் அவள் நண்பர்களும் அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபம் பிடித்து, முதல்முறையாக ரசிகர் மாநாடு நடத்துகிறார்களாம். "நம்ம ஊரு போர் வண்டில டிராகன் வந்ததப் படிச்சுட்டு எங்களுக்குத் தூக்கமே வரலீங்க மேடம்" என்று எழுதி, வந்து வாசிக்கச் சொல்லி அழைத்திருந்தாள். நான் அதை மூன்று தடவை படித்தேன்.

தாரணியும் வருகிறேன் என்றாள். சந்தோஷப்படுவதற்குள் அட்டை விவகாரம் குறுக்கே வந்தது. இந்தியா வருவதற்கு அவளுடைய வெளிநாடுவாழ் இந்தியர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அனுப்பிய புகைப்படம் காது தெரியவில்லை என்று ஒருமுறை திரும்பி வந்தது. காதைக் காட்டி அனுப்பினோம். சிரிக்கிறாள் என்று மறுமுறை வந்தது. மூன்றாவது படத்தில்தான் அட்டை கிடைத்தது. வீட்டில் ஒரு வருடமாகச் சிரிக்காத பெண் அந்த ஒரு படத்தில் சிரித்ததற்காக நான் யாரைத் திட்டுவது?

3

கிளம்புவதற்கு முன்பே மாநாட்டுச் சுவரொட்டியைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, அனைவரும் வருக என்று எழுதினேன். கைகூப்பிய பொம்மைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. அரங்கு நிறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு துடியலூரில் அண்ணன் வீட்டில் வந்து இறங்கினேன்.

அண்ணி காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஏனுங் அம்மணி, ஞாயித்துக்கெழமைக்கு எத்தன பேரு வாராங்க?"

"எல்லாருந்தான் அண்ணி. எல்லாரும் கைகூப்பியிருக்காங்களே."

"கைகூப்புனா வாரேன்னு அர்த்தமுங்களா? அது பாத்துட்டேன்னு அர்த்தம். போன்ல போட்டுப்போட்டா அழைச்ச மாதிரி ஆயிருமா? ஊட்டுக்கு வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லாத விசேசத்துக்கு ஆரு வருவாங்க?"

"இது விசேசம் இல்லீங்க அண்ணி. புத்தகம் வாசிக்கறது."

"மண்டபம் புடிச்சிருக்குதல்ல? அப்பறம் என்ன."

அண்ணி ஒன்றை முடிவு செய்துவிட்டால் எங்கள் அண்ணனே எதிர்த்துப் பேச மாட்டார், கார் சாவியைத்தான் எடுப்பார். அன்று மாலையே தாம்பாளம் இறங்கியது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ். அழைப்பிதழுக்குப் பதிலாக மாநாட்டுச் சுவரொட்டியை அச்சடித்து மடித்து வைத்தோம். அதில் பிள்ளையார் படம் இருக்க வேண்டிய இடத்தில், போர் வண்டியைக் கவ்விக்கொண்டு ஒரு டிராகன் நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. அண்ணி சற்றும் அசராமல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்.

"டிராகனுக்கு மஞ்சளா?" என்றாள் தாரணி.

"ஆருக்கா இருந்தா என்ன கண்ணு, நல்ல காரியம்" என்றார் அண்ணி.

இரண்டு நாள் சுற்றினோம். அண்ணன் வண்டி ஓட்ட, அண்ணியும் நானும் தட்டோடு நடுவில், தாரணி பின்னால். பின் சீட்டில் அவள் போனோடு இருந்ததால் எதையும் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் வரும். இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் பேச்சு. அண்ணி தட்டை நீட்டி, ஒரு எழுத்து மாறாமல் சொல்வார். "ஞாயித்துக்கெழம நம்ம அம்மணியோட புஸ்தக விசேசமுங்க. குடும்பத்தோட வந்து, முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணுங்க."

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் இருக்கும் மாமா, மீசையை நீவிக்கொண்டு சுவரொட்டியை நெடுநேரம் பார்த்தார். அம்மாவின் தம்பி. தோப்பில் போர் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவர்.

"எத்தன அடில வந்துச்சு இது?"

"ஆயிரத்து நூறுலீங்க மாமா."

"கேசிங் பைப்பு எது வரைக்கும் எறக்குனாங்க?"

மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் அந்தக் குழாயைப் பற்றி நான் எழுதவே இல்லை. லீட்ஸில் எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி அது. திருதிருவென்று விழித்தேன்.

"தண்ணி வந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

"இல்லீங்க மாமா. டிராகன்தான் வந்துச்சு."

"அதானே பாத்தேன்" என்று ஆறுதலடைந்தார். பிறகு, "பாக்கறேன் அம்மணி, அன்னிக்கு இன்னொரு விசேசம் இருக்குது" என்று கொஞ்சம் பிகு செய்துகொண்டுதான் தட்டை வாங்கினார். அப்படிச் செய்தால் வருவார் என்று அர்த்தம்.

4

தாரணியின் தமிழ் முதல் நாள் காலையிலேயே சந்தி சிரித்தது. கோபிச்செட்டிப்பாளையத்தில் பெரியப்பா வீட்டு வாசலில், எண்பதை நெருங்கும் மனிதரைப் பார்த்து, "எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டாள். பாவம், அவள் தமிழ் பேசுவது என்னோடும் அவள் அப்பாவோடும் மட்டும்தான். வாசலில் நின்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும், "நல்லா இருக்கறனுங்க கண்ணு, நீங்க எப்படி இருக்கறீங்க?" என்று பதில் சொன்னார். காது சிவந்துபோன தாரணி, அதன் பிறகு எல்லோருக்கும் ங்க போட ஆரம்பித்தாள். வீட்டு நாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டினாள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

அங்கே தட்டுக் கொடுத்து, பலகாரம் சாப்பிட்டு, விடைபெற்றுக் கிளம்பினோம். வண்டி வயலைத் தாண்டி வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டது. திடீரென்று அண்ணி, "ஏனுங், வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினார். அண்ணன் பதறிப்போய் நிறுத்தினார்.

"பெரியப்பாவோட மருமவளக் கூப்புடல. புள்ள பின்னால பாத்திரம் வெளக்கிட்டு இருந்துச்சு. திருப்புங்க."

அந்தக் குறுகின கரையில் வண்டியைத் திருப்ப அண்ணன் பட்ட பாட்டை நான் அடுத்த பாகத்தில் எங்காவது வைத்துக்கொள்வேன். பின் சீட்டிலிருந்து தாரணி கேட்டாள்.

"அத்தை, அந்த வீட்டுலதான் கூப்பிட்டுட்டோமே. அவங்களும் அதே வீடுதானே?"

"அதே ஊடுதான் கண்ணு. அதனாலதான் கூப்புடோணும். வெளியாளா இருந்தா, மறந்துட்டாங்கன்னு உட்ருவாங்க. ஊட்டாளுன்னா, நம்மள ஒரு ஆளா நெனைக்கலையேன்னு மனசுல நின்னுபோகும்."

தாரணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் அழகில் சொக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் திரும்பிப் போய், கொல்லைப்புறத்தில் அந்த மருமகளைத் தனியாகப் பார்த்து அழைத்தோம். அந்தப் பெண் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டை வாங்கிக்கொண்டது.

5

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் அடையாள அட்டை கொடுத்தார்கள். உள்ளூர் எழுத்தாளர்களுக்குப் பச்சை நாடா, வெளிநாட்டு விருந்தினருக்குச் சிவப்பு. எனக்குச் சிவப்பு வந்தது. நான் துடியலூர் என்றேன். "பாஸ்போர்ட் எந்த ஊருங்க மேடம்?" என்று கேட்டான் அந்தப் பையன். லீட்ஸில் இருபது வருடமாக, உன் சொந்த ஊர் எது என்று கேட்கிறார்கள். இங்கே வந்தால் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். சிவப்பையே மாட்டிக்கொண்டேன்.

முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்று அழைத்திருந்ததால், எங்கள் ஆட்கள் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, சலவை வேட்டி. சுற்றிலும் வாளும் இறக்கையும் கொம்புமாக இளவட்டங்கள். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டும் முறுக்கிய மீசையுமாக நின்ற பொள்ளாச்சி மாமாவைப் பார்த்து, இரண்டு கொம்புக்காரிகள் வந்து, "சார் என்ன கேரக்டருங்க?" என்று கேட்டார்கள். "நான் பொண்ணோட மாமனுங்க" என்றார் அவர். அப்புறம் அவரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையே நின்றது. மாமாவும் ஒவ்வொரு படத்துக்கும் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பந்தி எத்தன மணிக்கு?" என்று மட்டும் பெரியப்பா மூன்று முறை விசாரித்தார்.

லீட்ஸிலிருந்து கொண்டுவந்த விரிப்பை மேசையில் விரித்து, புத்தகங்களை அடுக்கினேன். அங்கே நான் மேசையில் ஒரு கிண்ணம் மிட்டாய் வைப்பது வழக்கம். இங்கே அண்ணி மிட்டாய்க்குப் பதில் மிச்ச வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தை வைத்திருந்தார். நேரம் ஆயிற்று. "பாத்துக்கோ" என்று தாரணியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அரங்கு நிறைந்திருந்தது. என் ஏழு வருட மாநாட்டு வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பாதிப்பேருக்கு ஆங்கிலக் கதையும் தெரியாது, டிராகனும் தெரியாது. ஆனாலும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோபிச்செட்டிப்பாளையத்து மருமகள் இரண்டாம் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்தது. முன்வரிசையில் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் கைப்பை இருந்தது.

"யாருக்குங்க அண்ணி இடம்?"

"தாரணிக்குத்தான். எங்க அவ?"

"அவ வரமாட்டா அண்ணி. எப்பவுமே வந்ததில்ல."

"நீ கூப்பிட்டயா?"

நிவேதா ஒலிபெருக்கியில் என்னைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் மேடைக்குப் போகாமல் நடுப்பாதை வழியாக வெளியே நடந்தேன்.

தாரணி மேசையில்தான் இருந்தாள். போன் பையில் இருந்தது. அரங்கின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வரலையா?" என்றேன்.

"மேசையப் பாத்துக்கோன்னு சொன்னீங்க."

"எல்லாரும் வந்திருக்காங்க. நீ மட்டும்..."

"எல்லாரையும் நீங்க கூப்பிட்டீங்க." அந்தக் கோபத்திலும் ங்க ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. "அந்த ஆன்ட்டிக்காக மாமா வண்டியவே திருப்புனாங்க. என்னைய எப்பவுமே மேசையப் பாத்துக்கோன்னுதான் சொல்வீங்க. நீயும் வான்னு சொன்னதே இல்லீங்களே. நானும் அதே வீடுதானுங்களே?"

ஆங்கிலம் மட்டும்தான் தெரியும், தமிழ் விட்டுப்போயிற்று, எங்கள் ரத்தமே இவளிடம் இல்லை என்று நான் எத்தனை பேரிடம் புலம்பியிருப்பேன்! அழைக்கவில்லை என்று ஏழு வருடம் முறைத்துக்கொண்டு வெளியில் நிற்பதற்கு, இதைவிடச் சுத்தமான கொங்கு ரத்தம் வேறு எங்கே கிடைக்கும்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலையைத் துடைத்துச் சரியாக வைத்தேன். பாக்கு இருந்தது, ஒரு வாழைப்பழமும் இருந்தது. சுவரொட்டி தீர்ந்துவிட்டதால் என் புத்தகம் ஒன்றை நடுவில் வைத்தேன். அண்ணியைப் போலவே தட்டை இரண்டு கையாலும் நீட்டி, அவர் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"இன்னைக்கு அம்மாவோட புஸ்தக விசேசமுங்க. வந்து, முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணுங்க."

தாரணி தட்டைப் பார்த்தாள். பொள்ளாச்சி மாமாவைப் போல, மீசை இல்லாத இடத்தை நீவிக்கொண்டாள். "பாக்கறனுங்க. அன்னிக்கு இன்னொரு விசேசம் இருக்குது" என்றாள். பிறகு, "மேசைய ஆரு பாக்கறது?" என்றாள்.

"நான் பாத்துக்கறேன், போ அம்மணி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பொள்ளாச்சி மாமா படப்பிடிப்பை முடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் கதவைத் தாண்டும்போதே, ஒரு கொம்புக்காரியிடம் "தண்ணி வரலீங்க, பெரிய பாம்பு ஒண்ணு வந்துச்சு" என்று கதையை விற்க ஆரம்பித்துவிட்டார்.

தாரணி தட்டை ஏந்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அண்ணி கைப்பையை எடுத்தார். ஆனால் அவள் நாற்காலிக்குப் போகவில்லை. நேராக மேடையேறி, நிவேதாவிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள். முன்னால் நின்று நடத்திக் கொடுக்கச் சொன்னேன் அல்லவா, அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இது எங்கம்மா எழுதுனதுங்க. டிராகன் முதுகுல ஓட்ட போடுவாங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது. இறங்கிப் போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

பக்கத்தைப் புரட்டினேன். கண்ணில் எழுத்து நிற்கவில்லை, முதல் வரியை வாசிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் முறையாக அழைக்கப்பட்டு வந்தவர்கள்.